எழுபத்தைந்து என்று சொன்ன கை

தினேஷ் கண்ணு,

முதலில், எழுதுவதற்கே மன்னித்துக்கொள். திங்கட்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு அம்மா கடிதம் எழுதினால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ் தூரம். போன் இருக்கிறது. ஆனாலும் என் வாயில் வராதது எழுத்தில்தான் வரும் என்று உனக்குத் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது உன் வாத்தியாரிடம் நேரில் பேசப் பயந்து, உன் டைரியில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். வகுப்பே சிரித்தது என்று சாயங்காலம் வந்து அழுதாய். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். இந்த விஷயத்தைச் சொல்ல இரண்டு திங்கட்கிழமை வாயைத் திறந்தேன். முதல் தடவை அப்பா உன் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் தடவை ரேவதி போன் செய்துவிட்டாள். அவள் பெயர் போனில் வந்ததும் உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் இதை எழுதி, நீ இங்கே வைத்திருக்கிற பச்சைத் தேயிலை டப்பாவுக்குள் மடித்து வைக்கிறேன். நீ வரும் வரை அதை யாரும் திறப்பதில்லை.

இது உன் இடது கையைப் பற்றிய கடிதம். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அம்மா எதற்குக் கையைப் பற்றி எழுதுகிறாள் என்று நினைப்பாய். அவசரப்படாமல் கடைசி வரை படி. தேநீரிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு இது தெரியவந்ததே அதில்தான்.

கடற்கரைக்குப் போகிற தெருவில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற அந்தக் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "மா, இது நீலகிரி க்ரீன் டீ. குடிச்சிப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். நான் எனக்குத் தெரிந்த மாதிரி போட்டேன். பாலை ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, தளதளவென்று கொதிக்க விட்டு, சர்க்கரையும் சேர்த்தேன். நீ ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். "யம்மா, இன்னா பண்ணி வச்சிகிற? கொதிக்கிற தண்ணியப் பாத்தாலே இது செத்துடும்மா." அப்பா ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருந்தார். "அது செத்தா பரவால்லடா, குடிச்ச நான் செத்துடுவேன் போலகீது" என்றார். அன்றைக்கு நீ என்னை அடுப்பு முன்னால் நிற்க வைத்துப் பாடம் எடுத்தாய். பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி கட்டி, ஆவி நூல் மாதிரி எழும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். நீலகிரி இலைக்கு எழுபத்தைந்து டிகிரி, மிஞ்சிப்போனால் எண்பது. ஜப்பான் இலைக்கு அதைவிடக் குறைவு. சூடு ஏற ஏற இலையின் கசப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். இரண்டு நிமிடம், அதற்கு மேல் ஊறக் கூடாது. பாலும் கூடாது, சர்க்கரையும் கூடாது. அப்பா அதையும் குடித்துப் பார்த்துவிட்டு, "கீர கழுவுன தண்ணி மாறி கீதுடா" என்று எழுந்து போய்விட்டார். எனக்குப் பிடித்திருந்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அவித்த பச்சைப் பயறு மாதிரி ஒரு வாசனை. விழுங்கினபிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த மாதிரி தொண்டையில் மெல்ல ஒரு தித்திப்பு. அன்றிலிருந்து திங்கட்கிழமை ஐந்து மணி என்பது எனக்குப் பெரிய நேரம். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட லேபில் பையன்கள் உடைக்கிற கண்ணாடியைப் பொறுக்குகிறவளுக்கு, பெற்ற பிள்ளை போட்டுத் தருகிற ஒரு டம்ளர்.

சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "கடைல கெட்டிலே நம்பர் காட்டும். வூட்ல இதான் தெர்மாமீட்டர்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாய். நீ சின்னதிலிருந்தே இடக்கைக்காரன். சுண்டு விரல் பக்கத்தைப் பாத்திரத்தின் வெளிப்புறம் ஒட்டி வைத்து எண்ணுவாய். "மூணு எண்றதுக்குள்ள கைய எடுத்துடணும்னு தோணுச்சின்னா ரொம்ப சூடு. அஞ்சு வரிக்கும் தாங்குச்சின்னா எழுபத்தஞ்சு." நான் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். லேபில் பழசாகி ஒதுக்கி வைத்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நீ இலை எடுக்கத் திரும்பும் நேரத்தில் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எழுபத்தாறு. அடுத்த வாரம் எழுபத்து நான்கு. அதற்கடுத்த வாரம் எழுபத்தேழு. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கெமிஸ்ட்ரி டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வழக்கம்போல் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் தேநீர் கசந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "லாட் மாறிகீதும்மா. இந்தத் தபா எல சரியில்ல" என்றாய். அடுத்த வாரம் பிரிக்காத பொட்டலம் கொண்டுவந்தாய். அதுவும் கசந்தது. "தண்ணிதான். பாலாத்துத் தண்ணி முன்ன மாறி இல்ல. கேன் தண்ணி வாங்கி வையி" என்றாய். வாங்கி வைத்தேன். அதிலும் கசந்தது. அப்பா சும்மா இருப்பாரா? "கண்ணாலம் ஆனா எல்லாமே கசக்கும்டா. இப்பலேர்ந்தே பழகிகினு வரான் பாரு" என்றார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். இலையை மாற்றினாய், தண்ணீரை மாற்றினாய், பாத்திரத்தைக்கூட மாற்றினாய். நீ மாற்றிப் பார்க்காதது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் பேசத் தெரியாதவளே தவிர, பார்க்கத் தெரிந்தவள். அடுத்த வாரம் இலையையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை, உன் கையைப் பார்த்தேன்.

தண்ணீர் நன்றாகக் கொதித்துவிட்டிருந்தது. நீ அடுப்பை அணைத்துவிட்டு ரேவதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். முட்டுக்காட்டில் நீங்கள் இரண்டு பேரும் போடப்போகிற கடையைப் பற்றித்தான் பேச்சு. "நம்ம கடைல மிஷின்லாம் இல்ல ரேவதி, ஐயா கையிதான்" என்று சொல்லிக்கொண்டே இடது கையைப் பாத்திரத்தில் ஒட்டி வைத்தாய். ஒன்று, இரண்டு, மூன்று. பேச்சு அறுபடவே இல்லை. நான்கு, ஐந்து. "எழுபத்தஞ்சு. எலயப் போடும்மா" என்று சொல்லிவிட்டு, சிக்னலுக்காக வாசலுக்குப் போனாய். நான் தெர்மாமீட்டரை விட்டேன். தொண்ணூற்று மூன்று. தெர்மாமீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். குழாய்த் தண்ணீரில் விட்டேன், ஒழுங்காக இறங்கியது. மறுபடி பாத்திரத்தில் விட்டேன். தொண்ணூற்று ஒன்று. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் என் விரலை வைத்தேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் செய்ததை நினைத்தால் எனக்கே கூசுகிறது. கொதிக்கிற தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, டபரா இல்லாமல், உன் இடது கைப் பக்கம் வைத்தேன். தேநீர்தான் என்று நீ பார்க்காமலே எடுத்தாய். விரல் எல்லாம் டம்ளரைச் சுற்றியிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தாமாக விலகிக்கொண்டன. சுண்டு விரலும் மோதிர விரலும் டம்ளரோடு ஒட்டியபடியே இருந்தன. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை போனது. அப்புறம் நீ போனை எடுக்க டம்ளரை வலது கைக்கு மாற்றினாய். "ஸ்ஸ்... இன்னாம்மா, இவ்ளோ சூடா கீது!" என்று கீழே வைத்துவிட்டாய். வலது கைக்கு ஒரு நொடியில் தெரிந்தது, இடது கைக்குப் பதினொன்று எண்ணியும் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை உன் சுண்டு விரலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. "இன்னாடா இது" என்றேன். "தெர்லம்மா. கடைல எங்கனா பட்டிருக்கும். வலிக்கலாம் இல்ல" என்றாய். கடையில் படவில்லை, கண்ணு. அந்தக் கொப்புளம் நான் வைத்தது.

அன்றைக்கே முழங்கையையும் பார்த்தேன். கொஞ்சம் கீழே, உள்பக்கமாக, ஒரு வெற்றிலை அளவுக்குத் தோல் வெளுத்திருக்கிறது. அந்தப் புழுக்கத்தில் உன் கை முழுக்க வியர்த்து மினுமினுத்தது. அந்த இடம் மட்டும் பவுடர் போட்ட மாதிரி காய்ந்து கிடந்தது. "தேமல்மா. உப்புக் காத்துல கடைல பாதி பேருக்கு கீது" என்றாய். தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். தடவும்போது நகத்தால் அழுத்திக் கிள்ளினேன். நீ போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இதில் இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பாய். அதற்குத்தான் உன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நைனாவின் விரல்கள் மடங்கியும், ஒன்று குட்டையாகவும் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். ரைஸ் மில்லில் மிஷினில் மாட்டிக்கொண்டது என்று உனக்குச் சொன்னோம். மூன்றாவது படிக்கும்போது "மிஷினோட சண்ட போட்ட தாத்தா" என்று உன் நண்பர்களை அழைத்து வந்து அந்தக் கையைக் காட்டினாய். அவர் அந்தக் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே சிரித்தார். மிஷின் கதை பொய். உன் அப்பாவும் இன்றைக்கு வரை அந்தப் பொய்யைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்தில் உண்மை தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் நாம் இரண்டு பேர்.

நைனா மதுராந்தகம் பக்கத்து மில்லில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை செய்தார். ஆவியில் அவித்த நெல்லைச் சுடச்சுடக் கையில் அள்ளி, பதம் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் கையும் உன் கை மாதிரி சூடு தெரிந்த கைதான். என் அம்மா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டாள். எங்கள் தெருவில் காலேஜுக்கு ரயில் ஏறிய முதல் ஆள் நான். அதற்காக அவர் யார் யாரிடம் என்ன பேச்சு வாங்கினார் என்பது தனிக் கதை. நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவர் முழங்கைக்குக் கீழே வெளுத்த இடத்தைப் பார்த்தேன். "தேமலு பாப்பா" என்றார். அவர் சொன்ன வார்த்தையைத்தான் நீயும் சொன்னாய்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகைக் கட்டு பையோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சமயம். சுகாதார ஊழியர்கள் இரண்டு பேர் தெருவில் வீடு வீடாகத் தோலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நைனாவின் கையைப் பார்த்ததும் அவர்களில் ஒரு அம்மா பையிலிருந்து இரண்டு டெஸ்ட் ட்யூபை எடுத்தார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். "பெரியவரே, கண்ண மூடிக்கோங்க. எத வைக்கிறேன்னு சொல்லணும்." அந்த இடத்தில் ஒன்றை வைத்தார். "சூடு" என்றார் நைனா. மாற்றி வைத்தார். "பச்சத் தண்ணி." மறுபடி. "சூடு." எல்லாம் சரி. நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த அம்மா குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. நைனாவின் ஒரு கண் முழுவதும் மூடவில்லை. எந்த ட்யூபில் ஆவி படிந்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஓரக்கண் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊழியர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, தடவுவதற்கு ஒரு களிம்பு கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நைனா அவர்கள் போகும் வரை காத்திருந்து, "உன் கண்ணாலம் முடியட்டும் பாப்பா. அப்பறம் போயி காட்டிக்கலாம்" என்றார். "சரி நைனா" என்றேன். ஆயிரம் டெஸ்ட் ட்யூப் கழுவியவள், மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தவள், சொன்ன பதில் அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்தது. பிறகு நீ வயிற்றில் வந்தாய், பிரசவம் முடியட்டும் என்றோம். பிறகு எனக்கு இந்த லேப் வேலை கிடைத்தது, வேலை நிரந்தரமாகட்டும் என்றோம். நல்ல காரியம் ஒன்று எப்போதும் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. ஒரு வயதிலிருந்து நாலு வயது வரைக்கும் பகலெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டது நைனாதான், மில்லில் அவருக்கு ராத்திரி ஷிப்ட். அந்தக் கையில் தலை வைத்துத்தான் நீ மத்தியானம் தூங்குவாய். நான் தெரிந்தே விட்டுவிட்டுப் போனேன். ஒரு நாள் மில்லில் அவர் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று பேசியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "இன்னா அண்ணாத்த, எங்கியோ கருகுற நாத்தம் வருது?" என்றிருக்கிறார். "ஆமாய்யா, எங்கேர்ந்து வருது?" என்று இவரும் சுற்றுமுற்றும் தேடியிருக்கிறார். அது ஆவிக் குழாய். கருகிக்கொண்டிருந்தது அவருடைய கை.

அப்புறம்தான் செங்கல்பட்டுப் பக்கத்தில் அதற்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஸ்டாப்பில் இறங்கினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் என்று, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தோம். நான் இதுவரை அந்த வார்த்தையை எழுதவில்லை. எங்கள் தெருவில் "அந்த நோவு" என்றுதான் சொல்வார்கள். தொழுநோய். மாத்திரை அட்டை அட்டையாக இலவசமாகத் தந்தார்கள். ஒரு வருஷம் சாப்பிட்டார், நோய் முழுக்கப் போய்விட்டது. மாத்திரையில் முகம் கறுத்தது, வெயில் என்று சொன்னோம். விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. "தேமல் மாதிரி இருந்தப்பவே வந்திருந்தா இந்தக் கை அப்படியே இருந்திருக்கும்மா" என்றார் டாக்டர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எல்லோரையும் அழைத்து வந்து காட்ட வேண்டும் என்றார். "சின்னக் கொழந்தைங்க யாராவது கூட இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

உன்னை அழைத்துப் போனால் உன் அப்பாவுக்குத் தெரியும், அவர் வீட்டாருக்குத் தெரியும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். நீ அப்போது பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உண்டு என்று சொல்லியிருந்தால் வருஷா வருஷம் யாராவது உன் தோலைப் பார்த்திருப்பார்கள். இத்தனை வருஷமும் உன்னைக் குளிப்பாட்டும்போதும், சட்டை போடும்போதும், நீ வளர்ந்தபிறகு தூரத்திலிருந்தும், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. பத்து வருஷம் தாண்டியதும் மெதுவாக மூச்சு விட்டேன். இருபது தாண்டியதும் மறந்தே போனேன். எத்தனை வருஷம் கழித்தும் இது தலைகாட்டலாம் என்று அன்றைக்கு அந்த டாக்டர் சொன்னதை, தொண்ணூற்று மூன்றில் நின்ற பாதரசத்தைப் பார்த்த நிமிடம் வரைக்கும் மறந்துதான் இருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. இது வேறு ஏதாவதாக இருக்கலாம். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம். என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. சரியாகவே இருந்தாலும் இது மாத்திரையில் போய்விடுகிற நோய்தான். மாத்திரை தொடங்கிவிட்டால் உன்னால் யாருக்கும் ஒன்றும் வராது. ஆனால் நோய் போவது வேறு, கை மிஞ்சுவது வேறு. கைக்குக் காத்திருக்கத் தெரியாது. நீ இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "கண்ணாலம் முடியட்டும்மா" என்பாய். அந்த வார்த்தையை நம் வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று பார்த்தும்விட்டேன். ரேவதியிடம் நீதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நான் நிற்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. விஷயம் வெளியே போனால் முட்டுக்காட்டில் உன் கையால் தேநீர் வாங்கிக் குடிக்க எத்தனை பேர் வருவார்கள் என்றும் தெரியாது. எல்லோரும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. உன் அப்பாவிடம் நான் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷத்துப் பொய்யை எப்படி எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அது என் பாடு.

டப்பாவில் இந்தக் கடிதத்தோடு தெர்மாமீட்டரும் இருக்கிறது. புதிதாக வாங்கியது. இனிமேல் கையை வைத்துப் பார்க்காதே. தெர்மாமீட்டர் இல்லாத இடத்தில் ஒரு வழி சொல்கிறேன், லேபில் நாலைந்து தடவை செய்து பார்த்தேன். கொதித்த தண்ணீரை ஒரு பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றினால் பத்து டிகிரி இறங்குகிறது. அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எண்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு நிமிடம் விட்டு இலையைப் போடு. கசக்காது. இலையிலும் குற்றம் இல்லை, பாலாற்றுத் தண்ணீரிலும் குற்றம் இல்லை.

இவ்வளவு எழுதியும், கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. அப்பாவைப் பத்திரிகைக் கட்டு வாங்கிவர அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வர ஒரு மணி நேரம் ஆகும். நீ இதைப் படிக்கும் இந்த நேரத்தில் நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். மேடையில் இரண்டு டம்ளர் வைத்திருக்கிறேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் வெந்நீர். பயப்படாதே, சுடாது, இந்தத் தடவை அளந்துதான் ஊற்றியிருக்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உள்ளே வா. ஒன்றும் பேச வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை நீட்டு. அந்த வெளுத்த இடத்தில் டம்ளரை மாற்றி மாற்றி வைப்பேன். எது சூடு, எது பச்சைத் தண்ணீர் என்று நீ சொல்ல வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் நாளைக் காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறுகிறோம். அந்த ஸ்டாப்பிலேயே இறங்குகிறோம்.

கண்ணை மட்டும் நன்றாக மூடிக்கொள். ஓரக்கண்ணால் பார்க்காதே, கண்ணு. நீ பார்த்தால் எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் சொல்லிவிடுவேன்.

அம்மா